அபா ஏன் இன்னும் ஒலிக்கிறது? பழைய நினைவு மட்டும்தானா?

வாசகர் ஒருவரின் கேள்வி: பிரைட்டன் வெற்றிக்கு நேற்றோடு ஐம்பது ஆண்டு. எங்கே திரும்பினாலும் அபா என்ற அந்த ஸ்வீடன் பாட்டுக்குழுவின் நால்வர்தான். இது பழைய நினைவை வைத்து நடக்கும் வியாபாரம் என்கிறேன். எழுபதுகளில் இளைஞர்களாக இருந்தவர்கள் போய்விட்டால் பாட்டும் போய்விடும். மறுப்பவர் உண்டா?

2024 ஏப்ரல் 7, காலை

உண்டு. நான் மறுக்கிறேன்.

பழைய நினைவுதான் காரணம் என்றால் 1974 ஏப்ரல் 6 அன்று பிரைட்டனில் பாடிய மற்றவர்களும் நம் நினைவில் இருக்க வேண்டும். யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் அன்று பதினேழு நாடுகள் பாடின. அவற்றில் எத்தனை பாட்டு உங்கள் வாயில் வருகிறது? அபா பாடி வென்ற 'வாட்டர்லூ' ஒன்றுதான் வரும். பிரிட்டன் அன்றிரவே அந்த நால்வரையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, இன்றுவரை இறக்கவில்லை.

முப்பது ஆண்டுகளாக லண்டனில் கல்யாண மண்டபங்களிலும் அரங்கேற்றங்களிலும் ஒலி அமைப்பு வேலை செய்கிறேன். விருந்தினர் வருவதற்குமுன் ஒலிபெருக்கிகளைச் சோதிக்க நான் போடுவது 'டான்ஸிங் குயீன்'. அடித்தொனி எங்கே இரைகிறது, மேல்தொனி எங்கே கீச்சிடுகிறது என்று அந்த ஒரு பாட்டே காட்டிக் கொடுத்துவிடும். பூ கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள், நாற்காலிக்கு உறை மாட்டும் பையன்கள் எல்லோருக்கும் கை வேலையில் இருக்கும், வாய் மட்டும் கூடவே முணுமுணுக்கும். அந்தப் பையன்களுக்கு இருபது வயது இருக்கும். எழுபதுகள் பற்றி அவர்களுக்கு என்ன நினைவு இருக்க முடியும்?

என் கட்சி இதுதான்: பாட்டு நிற்பதற்குக் காரணம் வேலைப்பாடு.

(பெயரை 'அப்பா' என்று எழுதினால் நம் மொழியில் வேறு ஆளாகிவிடுகிறது, அதனால் 'அபா' என்று எழுதுகிறேன். அக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஆனி-ஃப்ரீத் ஆகிய நால்வரின் முதலெழுத்துகள். அதே பெயரில் ஸ்வீடனில் மீன் பதனிடும் நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் வைத்துக்கொண்டார்கள்.)

2024 ஏப்ரல் 7, இரவு

திருத்தம். காலையில் எழுதியதில் ஒரு பிழை. பிரிட்டன் நடுவர் குழு அன்றைய போட்டியில் ஸ்வீடனுக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை. சுட்டிக்காட்டிய நண்பர் சொல்வது சரி, என் வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அடுத்த மாதமே பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. நடுவர் வேறு, கடையில் காசைக் கொடுத்து வாங்குகிறவர் வேறு.

'இறக்கவில்லை' என்றேனே, அதுவும் தவறு. வெற்றிக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிரிட்டனில் அவர்களை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. ஒரே பாட்டோடு முடிந்தவர்கள் என்றுதான் எண்ணினார்கள். 1975-இன் பின்பகுதியில் 'எஸ்.ஓ.எஸ்.' வந்த பிறகே மறுபடி கதவு திறந்தது. அதற்குப் பின் அமர்ந்த இடம் பெரிது. மொத்தம் ஒன்பது பாட்டுகள் அங்கே முதலிடம் பிடித்தன. அமெரிக்காவில் ஒன்றே ஒன்று, 1977-இல், 'டான்ஸிங் குயீன்'.

2024 ஏப்ரல் 9

"வேலைப்பாடு என்று பொதுவாகச் சொன்னால் போதாது, என்ன வேலைப்பாடு என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். முதலில் யாழ்ப்பாணத்து வீட்டுக் கதை ஒன்று.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும். அக்காவிடம் ஒரு கேசட் இருந்தது. இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் பாட்டு வரும் நேரம் பார்த்து, ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்து, எல்லோரையும் வாயை மூடச் சொல்லிப் பதிந்தது. பாட்டோடு ஊர்ச் சத்தமும் சேர்ந்தே அதில் ஏறியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டில் அதே பாட்டுகள் உள்ள கேசட், கொழும்பிலிருந்து வாங்கி வந்தது. எங்கள் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கினால் பாட்டு இழுக்கும், சுருதி தாழும். பேட்டரியை முற்றத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். முழுதாகத் தேறாது, கொஞ்சம் தேறும்.

ஒரு நாள் இரண்டு வீட்டிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டது. 'டான்ஸிங் குயீன்'. மாமி வீட்டுப் பாட்டு சரியான வேகத்தில், எங்களுடையது மயிரிழை தாழ்ந்து. சில நொடிதான், பிறகு ஒன்றையொன்று துரத்தத் தொடங்கிக் குழம்பிவிட்டது. ஆனால் அந்தச் சில நொடி! கிடுகு வேலியே பாடுவதுபோல் இருந்தது. இரண்டு சிறிய பெட்டிகளிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வர நியாயமே இல்லை. பின்னர் எத்தனையோ முறை முயன்றோம், அப்படி அமையவில்லை.

இருபது ஆண்டு கழித்து, இந்தத் தொழிலுக்கு வந்தபின், அவர்களுடைய ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோவைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலியோரம் தற்செயலாக நாங்கள் கேட்டதை அவர் வேண்டுமென்றே செய்திருக்கிறார்.

அமெரிக்காவில் ஃபில் ஸ்பெக்டர் என்ற இசைத் தயாரிப்பாளர் ஓர் அறைக்குள் வாத்தியக்காரர்களை நெருக்கி உட்காரவைத்து 'ஒலிச் சுவர்' எழுப்பினார். ஸ்டாக்ஹோமில் அத்தனை பேருக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை. ட்ரெட்டோ என்ன செய்தார் என்றால், வாசித்ததை முதலில் பதிவுசெய்துகொண்டார். பிறகு நாடாவின் வேகத்தைக் கொஞ்சமே கொஞ்சம் மாற்றி ஓடவிட்டு, அதே கலைஞர்களை அதே வாசிப்பை அதன்மேல் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். நாடா பழைய வேகத்துக்குத் திரும்பியதும் இரண்டு வாசிப்புக்கும் இடையே மெல்லிய சுருதி வேறுபாடு நிற்கும். அந்த வேறுபாடுதான் ஒலியைப் பருமனாக்குகிறது. 1973-இல் 'ரிங் ரிங்' பாட்டில் இதைத் தொடங்கினார்கள், பிறகு விடவே இல்லை. குரல்களையும் இப்படியே அடுக்கினார்கள்.

தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டாலும் அந்தப் பாட்டு ஒல்லியாகக் கேட்பதில்லை. அதே காலத்துப் பாட்டுகள் பலவற்றைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், எலும்பு தெரியும்.

2024 ஏப்ரல் 10

இரண்டு பெண்களில் யார் குரல் உயர்ந்தது என்று சண்டை வேண்டாம். அக்னெத்தா மேல்ஸ்தாயியில் துலங்குபவர், ஃப்ரீடா என்று அழைக்கப்படும் ஆனி-ஃப்ரீத்தின் குரல் அதற்குக் கீழே கனமாக நிற்கும். இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது மூன்றாவது பெண் ஒருத்தி பிறக்கிறாள். கோயிலில் இரட்டை நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தால் அந்த உரசல் வராது.

2024 ஏப்ரல் 10, சற்றுப் பின்

'டான்ஸிங் குயீன்' எப்படித் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பியானோவில் மேலிருந்து கீழாக ஒரு வழுக்கல், உடனே பல்லவியின் பிற்பாதி. முற்பாதியை நமக்குத் தராமலே தொடங்கிவிடுகிறார்கள். விழா ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, நாம் கதவைத் திறந்து உள்ளே நுழைகிறோம். மண்டபத்தில் முணுமுணுக்கத் தொடங்குபவர்கள் அந்த இடத்திலேயே பிடிபடுகிறார்கள்.

2024 ஏப்ரல் 14

"மகிழ்ச்சியான பாட்டு, எல்லோரும் ஆடலாம், அவ்வளவுதானே" என்று எழுதியவருக்கு.

அவ்வளவு இல்லை. குரல் சேர்க்குமுன் வாத்தியங்கள் மட்டும் கேட்கும் பதிவை பென்னி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது ஃப்ரீடா அழுதுவிட்டாராம். அது 'டான்ஸிங் குயீன்'தான். சொல் இன்னும் ஏறவில்லை, மெட்டிலேயே அழுகை இருந்திருக்கிறது. எனக்கும் அந்தப் பாட்டு ஆடுகிற பெண்ணின் பாட்டாகத் தோன்றியதில்லை. சுவரோரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பாட்டு.

'எஸ்.ஓ.எஸ்.' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சரணத்தில் அக்னெத்தா ஏறக்குறையத் தனியாக நிற்கிறார், சோகமான மைனர் சுரவரிசை. பல்லவி வந்ததும் மலர்ச்சியான மேஜருக்குத் திறந்துகொள்கிறது. உடைந்த மனதோடு ஒருத்தி வாசலுக்கு வந்து சிரித்துப் பேசுவதுபோல. அந்தச் சிரிப்புக்கு ஆடுகிறவர்கள் ஆடட்டும், உள்ளே இருப்பதைக் கேட்கிறவர்கள் கேட்கட்டும். இரண்டு சாராருக்கும் ஒரே பாட்டு போதும்.

இந்தச் சோகம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பல வாசல்கள். பென்னி ஆறு வயதிலிருந்து அக்கார்டியன் வாசித்தவர், தந்தையும் தாத்தாவும் வாசித்தவர்கள், ஸ்வீடன் நாட்டுப்புற இசை அவர் கையிலேயே இருந்தது. ஃப்ரீடாவின் வாழ்வை நினைத்தால் மனம் கனக்கிறது. தாய் நார்வேக்காரி, தந்தை போர்க்காலத்தில் அங்கே வந்திருந்த ஜெர்மானியச் சிப்பாய். போர் முடிந்த 1945-இல் பிறந்த குழந்தையை, ஊர்ப்பேச்சுக்குப் பயந்து பாட்டி ஸ்வீடனுக்கு எடுத்துச் சென்றார். குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது தாய் இறந்தார். தந்தையை முதன்முதலாக 1977-இல்தான் பார்த்தார், அப்போது உலகமே அறிந்த பாடகி. அந்தக் குரலின் அடியில் இருக்கும் கனத்தை எந்த மிக்சர் மேசையிலும் சேர்க்க முடியாது.

அப்புறம் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்', 1980. பியோர்னும் அக்னெத்தாவும் 1979 தொடக்கத்தில் பிரிவதாக அறிவித்திருந்தார்கள். பிரிவைப் பற்றிய வரிகளை எழுதியது கணவர், ஒலிவாங்கி முன் நின்று பாடியது மனைவி. பாட்டில் வரும் சம்பவங்கள் கற்பனை என்று பியோர்ன் சொல்லிவருகிறார். இருக்கட்டும். அந்தக் குரல் கற்பனை இல்லை.

2024 ஏப்ரல் 15

உடையைப் பற்றி ஒருவர் கேலி எழுதியிருக்கிறார். மின்னும் உடைக்கு ஒரு கணக்கும் இருந்தது. அன்றாடம் உடுத்த முடியாத உடை என்றால்தான் ஸ்வீடனில் அந்தச் செலவுக்கு வரிக்கழிவு கிடைக்கும். பியோர்னே பின்னாளில் சொல்லியது. உடையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்கட்டும்.

2024 ஏப்ரல் 15, பிற்பகல்

ஆங்கிலம் பற்றிய கேள்விக்கு: ஆம், அது அவர்களுக்கு இரண்டாம் மொழி, அதுவே நமக்கு நல்லதாகப் போயிற்று. சொல் எளிது, உச்சரிப்பில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. எங்கள் வீட்டில் அப்போது அக்கா ஒருத்திதான் ஆங்கிலம் நன்றாகப் படித்தவள். ஆனால் பாட்டின் வரிகள் எல்லோருக்கும் மனப்பாடம். லண்டன் வந்த புதிதில் பஸ் நிறுத்தத்தில் வாய் திறக்கத் தயங்கி நின்ற காலத்தில்கூட அந்த வரிகளை நான் தடுமாறாமல் சொல்லியிருப்பேன்.

2024 ஏப்ரல் 21

ஒரு வாரமாக யோசித்தேன். என் கட்சியில் ஓட்டை இருக்கிறது. கேள்வி கேட்டவர் அதைக் கவனிக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

வேலைப்பாடு மட்டும் போதும் என்றால் 1982-க்கும் 1992-க்கும் இடையில் என்ன நடந்தது? 1982 இறுதியோடு அவர்கள் சேர்ந்து பாடுவது நின்றது. பிரிகிறோம் என்று அறிவிக்கக்கூட இல்லை, அப்படியே ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர்கள் பாட்டைப் பிடிக்கும் என்று வெளியே சொல்லவே கூச்சப்பட்டார்கள். ஸ்வீடனில் நிலைமை இன்னும் மோசம், அங்கே கூச்சம் முன்பே தொடங்கிவிட்டது. 1975-இல் யூரோவிஷன் ஸ்டாக்ஹோமில் நடந்தபோது, வியாபார இசை வேண்டாம் என்று இடதுசாரி இசைக்கலைஞர்கள் அதே ஊரில் மாற்று விழாவே நடத்தினார்கள். பாட்டு அதே பாட்டு, வேலைப்பாடும் அதேதான். அப்படியிருந்தும் உறங்கிக் கிடந்தது.

அந்தப் பத்து ஆண்டு யார் காப்பாற்றி வைத்திருந்தார்கள்? ஆண்களை நேசிக்கும் ஆண்கள் கூடும் நடன விடுதிகளில் அந்தப் பாட்டுகள் நிற்கவே இல்லை. உள்ளே அழுதுகொண்டு வெளியே மின்னும் பாட்டு அவர்களுக்குப் புரிந்ததுபோல் வேறு யாருக்குப் புரியும்? மெல்போர்னில் 1988-இல் 'பியோர்ன் அகெய்ன்' என்ற குழு கிளம்பியது, அதே உடை, அதே பாட்டு. ஆஸ்திரேலியா அவர்களை மறக்காததற்கும் காரணம் உண்டு. எழுபதுகளில் லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் எடுத்துக்கொடுத்த பாட்டுக் காட்சிகளை அந்நாட்டுத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டது. 'மம்மா மியா' அங்கே இசைத்தட்டாக வந்ததே அந்தக் காட்சியைப் பார்த்த மக்கள் கேட்டதால்தான்.

பிறகு 1992. அந்த ஒரே ஆண்டில் எத்தனை! இரேஷர் என்ற இருவர் குழு அவர்களுடைய நான்கு பாட்டுகளைப் பாடி வெளியிட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஜூனில் யூ-டூ குழு ஸ்டாக்ஹோமில் கச்சேரி செய்தபோது பென்னியும் பியோர்னும் மேடையேறினார்கள். செப்டம்பரில் 'கோல்டு' தொகுப்பு, பத்தொன்பது பாட்டு. கறுப்பு அட்டை, பொன்னெழுத்து. முகப்பில் நால்வரின் படம்கூட இல்லை. மின்னும் உடையைப் பார்த்துக் கூச்சப்பட்டவர்கள் தயங்காமல் கையில் எடுத்தார்கள். 2021-இல் அது பிரிட்டன் பட்டியலில் ஆயிரம் வாரத்தைத் தொட்டது. அதற்குமுன் எந்தத் தொகுப்பும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

1999 ஏப்ரல் 6-இல், பிரைட்டனுக்குச் சரியாக இருபத்தைந்து ஆண்டு கழித்து, அவர்கள் பாட்டுகளை வைத்துக் கட்டிய 'மம்மா மியா' மேடை நாடகம் லண்டனில் தொடங்கியது. தாயும் மகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் நாடகம். அந்த மகள்கள்தான் இப்போது தங்கள் மகள்களுக்குப் பாடிக் காட்டுகிறார்கள்.

ஆகவே என் முதல் குறிப்பைத் திருத்துகிறேன். நல்ல வேலைப்பாடு பாட்டை அழியாமல் வைத்தது. ஆனால் மறுபடி நடுக்கூடத்துக்கு இழுத்து வந்தவர்கள் மனிதர்கள், அதிலும் பெரும்பாலும் ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்கள். அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

2024 ஏப்ரல் 22

லண்டனில் தனி அரங்கில் நால்வரின் டிஜிட்டல் உருவங்கள் பாடும் கச்சேரியை வைத்து, "பணத்துக்காகத் திரும்பி வந்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 2000-ஆம் ஆண்டில் மறுபடி சேர்ந்து கச்சேரி செய்ய நூறு கோடி டாலர் தருவதாகச் சொன்னதை மறுத்தவர்கள் அவர்கள்.

2024 மே 12

மால்மோவில் நேற்று யூரோவிஷன் இறுதிச் சுற்று. சொந்த நாட்டில், ஐம்பதாம் ஆண்டில் நடக்கிறது, நால்வரும் மேடைக்கு வருவார்கள் என்று பலர் காத்திருந்தார்கள். வரவில்லை. லண்டன் அரங்கிலிருந்து டிஜிட்டல் உருவங்கள் மட்டும் தோன்றின. எனக்கு ஏமாற்றம் இல்லை. வராமல் இருப்பதில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம்.

2024 மே 19

நேற்று அந்த லண்டன் அரங்குக்கே போய்வந்தேன். புட்டிங் மில் லேன் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே நிற்கிறது, மூவாயிரம் பேர் கொள்ளும். டொராண்டோவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகள் டிக்கெட் எடுத்திருந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு.

தொழில்காரனாகப் போனேன், குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடு. ஐந்து வாரம் நால்வரும் உடலெங்கும் குறிகள் பதித்த உடையில் நின்று பாட, நூற்றறுபது காமிராக்கள் அசைவுகளைப் பதிந்தன. அதிலிருந்து ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய நிறுவனம் 1979-இன் முகங்களை உருவாக்கியது. இதெல்லாம் படித்துத் தெரியும். தெரிந்தும் முதல் பாட்டில் என் பார்வை அந்த உருவங்களின் ஓரத்தையே மேய்ந்துகொண்டிருந்தது. எங்காவது பிசிறு தெரியுமா?

இரண்டாவது பாட்டில் பார்வையை மாற்றிவிட்டேன். பக்கவாட்டில் பத்துப் பேர் கொண்ட குழு நேரடியாக வாசிக்கிறது. வாசிப்பவர்கள் எல்லோரும் ரத்தமும் சதையுமான இளைஞர்கள். நாற்பது ஆண்டுக்கு முன் பாடிய குரல், இன்று அடிக்கும் டிரம். இரண்டும் பொருந்தும் இடத்தில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. அந்த ஒலியை அமைத்தவர் யாராயினும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தொடக்கத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுக்கவில்லை. 1981-இன் 'தி விசிட்டர்ஸ்', இருண்ட, அச்சம் ததும்பும் பாட்டு. கூட்டத்தைக் குஷிப்படுத்த வேறு எதையும் எடுத்திருக்கலாம். 'வாட்டர்லூ' வந்தபோது உருவங்களை விட்டுவிட்டு 1974-இன் பழைய படக்காட்சியையே போட்டார்கள். எனக்கு முன்னால் கைத்தடியோடு நின்ற ஒரு கிழவர் அப்போது தடியைத் தன் மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கைதட்டினார்.

கடைசிப் பாட்டு 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்'. அக்கா மகள் போன ஆண்டு விவாகரத்து ஆனவள். அவள் பாடவில்லை, ஆடவில்லை, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயிலில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "மாமா, அவ அழாமப் பாடிட்டா."

அவள் பிறந்தது 1992-இல். கேள்வி கேட்ட நண்பருக்கு இதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

2024 ஜூன் 1

நேற்று ஸ்டாக்ஹோமில் அரசர் கையால் நால்வருக்கும் வாசா விருது. 1976-இல் அவருடைய திருமணத்தை ஒட்டிய விழாவில்தான் 'டான்ஸிங் குயீன்' பாட்டை வெளிவருமுன்னே பாடிக் காட்டினார்கள். நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து மாப்பிள்ளை மரியாதை செய்திருக்கிறார். நால்வரும் ஒன்றாக நின்ற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பென்னியின் தாடி முழுவதும் வெள்ளை.

2024 ஜூன் 2

இன்னொரு திருத்தம், இந்த முறை அக்காவிடமிருந்து. மகள் சொல்லி, இங்கே நான் எழுதியதையெல்லாம் டொராண்டோவில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். தொலைபேசியில் முக்கால் மணி நேரம்.

வேலியோரம் இரட்டையாய்க் கேட்டது 'டான்ஸிங் குயீன்' இல்லையாம், 'ஃபெர்னாண்டோ'. பேட்டரி இறங்கியிருந்தது எங்கள் பெட்டியில் இல்லையாம், மாமி வீட்டுப் பெட்டியில். "நம்முடையதில் நான் அன்றுதான் புதிது போட்டேன், காசு நான் கொடுத்தது, எனக்குத் தெரியாதா?" என்றாள். மறுக்க முடியவில்லை.

நான் மறந்துபோன ஒன்றையும் சொன்னாள். அந்த கேசட்டைப் பதிந்த அன்று, 'ஃபெர்னாண்டோ' தொடக்கத்து முரசொலி முடியும் இடத்தில், மாமி வீட்டுச் சேவல் கூவியது. அக்கா அழுதாள், அழித்துப் பதிய வேறு கேசட் இல்லை. அப்படியே விட்டோம். நூறு முறையாவது சேவலோடு சேர்த்தே கேட்டிருப்போம்.

அவள் சொன்ன பிறகு எழுந்துபோய் ஹெட்ஃபோனை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். முரசு, புல்லாங்குழல், பிறகு ஃப்ரீடா. பதிவில் ஒரு குறையும் இல்லை. சேவல் கூவ வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.